புதுச்சேரியில் பணியிடத்தை நிரப்புவது யார்?

புதுச்சேரி அரசுத் துறை ஒன்றில் பட்டியல் சாதியினருக்குரிய பின்னடைவுக் காலிப்பணியிடம் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் இயக்கங்கள் வழக்கமாகச் செய்வது, சட்டப்பேரவை நோக்கி ஊர்வலம் சென்று முதலமைச்சரிடம் மனு அளிப்பது. அரசியல் அழுத்தமாக அது தேவைதான். ஆயினும் அப்பணியிடத்தின் மீதான சட்ட அதிகாரம் முதலமைச்சரின் மேசையோடு முடிவதில்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 239ஆம் உறுப்பின்படி ஒன்றியப் பிரதேசத்தை நிர்வகிப்பவர் குடியரசுத் தலைவர். அவர் சார்பில் துணைநிலை ஆளுநர். பேரவையும் அமைச்சரவையும் 1963ஆம் ஆண்டின் ஒன்றியப் பிரதேச அரசுகள் சட்டத்தால் பின்னர் வந்தவை. தேர்ந்தெடுக்கப்படும் 30 உறுப்பினர்களில் ஐவர் தனித்தொகுதிகளிலிருந்து வருகின்றனர். ஆனால் அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநருக்கும் கருத்து வேறுபாடு எழுந்தால், அது குடியரசுத் தலைவரின் முடிவுக்கு, நடைமுறையில் ஒன்றிய உள்துறை அமைச்சகத்துக்கு, அனுப்பப்படும். அவசரமெனக் கருதினால் இடைக்காலத்தில் துணைநிலை ஆளுநரே நடவடிக்கை எடுக்கலாம்.

பணியாளர் அமைப்பும் இதே வார்ப்பில்தான் உள்ளது. தலைமைச் செயலர் ஐ.ஏ.எஸ். பணியின் ஏஜிஎம்யுடி பிரிவைச் சேர்ந்தவர். அருணாச்சலம், கோவா, மிசோரம், தில்லி என எங்கும் மாற்றப்படக்கூடிய இப்பிரிவை உள்துறை அமைச்சகமே கட்டுப்படுத்துகிறது. அதற்குக் கீழே புதுச்சேரி குடிமைப் பணி. தனக்கென ஒரு தேர்வாணையம் புதுச்சேரிக்குக் கிடையாது. ஆகவே குரூப் ஏ பணியிடங்களுக்கும் குரூப் பி அரசிதழ்ப் பதிவு பெற்ற பணியிடங்களுக்கும் யு.பி.எஸ்.சி.யே ஆள் தெரிவு செய்கிறது. எழுத்தர் போன்ற பணிகளுக்கு மட்டும் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை உள்ளூரில் தேர்வு நடத்துகிறது. அங்கே பட்டியல் சாதியினருக்கு 16 சதவீத ஒதுக்கீடு.

பிற மாநிலங்களிலிருந்து குடிபெயர்ந்த பட்டியல் சாதியினரை ஒதுக்கீட்டு இடங்களில் ஆசிரியர்களாக நியமித்தது செல்லும் என்று 2005இல் எஸ். புஷ்பா வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்றியப் பிரதேசம் ஒன்றிய அரசின் கொள்கையைப் பின்பற்றுகிறது என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை. (பூர்வகுடியினருக்கும் குடிபெயர்ந்தோருக்கும் இடையே இதனால் வளர்ந்த பகைமை தனியே எழுதப்பட வேண்டியது. இடங்களை நிரப்பாமல் வைத்திருப்பவர்களுக்கே அப்பகைமை வசதியானது.)

எனவே மனுவின் முகவரி மாறியாக வேண்டும். முதலில், துறையின் இடஒதுக்கீட்டுச் சுழற்சிப் பதிவேட்டைப் பார்வையிடத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். ஒவ்வொரு பணியிடமும் யாருக்குரியது, யாரால் நிரப்பப்பட்டது என்பது அதில் இருக்கும். பதில் மறுக்கப்பட்டால் முதல் மேல்முறையீடு துறையிலேயே. இரண்டாவது மேல்முறையீடு ஒன்றியத் தகவல் ஆணையத்துக்கு. பணி தொடர்பான வழக்கை நேரே உயர்நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்ல இயலாது. ஒன்றிய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வைத்தான் முதலில் அணுக வேண்டும். இதை அறியாமல் ரிட் மனு தாக்கல் செய்து, திருப்பி அனுப்பப்பட்டு, காலக்கெடுவை இழந்தவர்கள் உண்டு. அரசமைப்பின் 338ஆம் உறுப்பின் கீழ் தேசியப் பட்டியல் சாதிகள் ஆணையத்தில் முறையிடும் வழி தனியே திறந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 81ஆவது திருத்தத்துக்குப் பின், பின்னடைவு இடங்களை நிரப்ப 50 சதவீத வரம்பு தடையாக நிற்க முடியாது. “வரம்பு மீறும்” என்ற பதில் வந்தால் 16(4பி) உறுப்பைக் காட்டுங்கள்.

இவ்வமைப்புக்கு வெளியே இருப்பதே எனக்குப் பெரிய கவலை. அரசுக் கழகங்கள், சங்கங்களாகப் பதிவான நிறுவனங்கள், வவுச்சர் ஊழியர்கள், ஒப்பந்தத் துப்புரவுப் பணி: இவை எந்தத் தேர்வாணையத்தின் பார்வைக்கும் வருவதில்லை. 45 நாட்களோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனத்துக்கும் ஒதுக்கீடு பொருந்தும் என்பது ஒன்றிய அரசின் அறிவுறுத்தல். ஆகவே பதிவேட்டைக் கேட்கும் அதே மனுவில், அத்துறையில் ஒப்பந்தத்திலும் வவுச்சரிலும் பணிபுரிவோர் எத்தனை பேர், எந்தத் தேதியிலிருந்து, எந்த ஆணையின் பேரில் என்ற கேள்வியையும் சேர்த்துவிடுங்கள்.