அந்த ஒரு வரி டோக்கன் யார் கையில்?

டெலிகிராமில் ஒரு பாட் தொடங்க ஐந்து நிமிடம் போதும். பாட்ஃபாதர் என்ற கணக்கைத் தேடிப் பிடித்து, '/நியூபாட்' என்று அனுப்பி, ஒரு பெயரைக் கொடுத்தால் பதிலாக நீளமான ஒரு வரி வரும். முதலில் சில இலக்கங்கள், நடுவில் ஒரு முக்காற்புள்ளி, பிறகு தாறுமாறான எழுத்துகள். அதுதான் டோக்கன். 'பைத்தான்-டெலிகிராம்-பாட்' மாதிரி ஒரு லைப்ரரியை இன்ஸ்டால் செய்து, முப்பது வரிக் கோடில் அந்த டோக்கனை ஒட்டினால், டியூஷன் சென்டரின் மார்க் அறிவிப்பும் மெஸ்ஸின் மதியச் சாப்பாட்டு ஆர்டரும் தானாக நடக்கத் தொடங்கிவிடும். 2015 ஜூனில் டெலிகிராம் இந்த வசதியைத் திறந்துவிட்ட பிறகு, காலேஜில் படித்துக்கொண்டே கடைகளுக்கு பாட் செய்து கொடுத்துச் சம்பாதிக்கும் பிள்ளைகள் உருவாகிவிட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த ஒரு வரியோடு வரும் பொறுப்பை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை.

டோக்கனுக்கு மேல் பாஸ்வேர்டு கிடையாது, ஓடிபி கிடையாது. கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை மாதிரி, எடுத்தவருக்கெல்லாம் அது செல்லும். அதை வைத்திருப்பவர் பாட்டுக்கு வரும் மெசேஜை வாங்கிப் படிக்கலாம். வாடிக்கையாளரின் சாட் எண் தெரிந்தால், "இந்த மாதக் கட்டணத்தை இந்த யுபிஐ எண்ணுக்கு அனுப்புங்கள்" என்று உங்கள் கடையின் பெயரிலேயே மெசேஜ் போடலாம். பழைய மெசேஜ்களைக்கூட, வரிசை எண்ணைப் போட்டுப் போட்டுத் தன் கணக்குக்கு ஃபார்வர்டு செய்துகொள்ளலாம். அட்மிஷனுக்காக யாரோ அனுப்பிய ஆதார் படமும் அதில் இருக்கும்.

டோக்கன் வெளியே போகப் பெரிய ஹேக்கிங் எதுவும் தேவையில்லை. கோட் எழுதி, அதைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் போடும்போது டோக்கனும் சேர்ந்து போய்விடுவது முதல் வழி. அடுத்தது பலருக்குத் தெரியாது. டெலிகிராம் சர்வருக்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கையின் முகவரியிலேயே டோக்கன் முழுசாக இருக்கிறது. பைத்தான் லைப்ரரி உள்ளுக்குள் பயன்படுத்தும் 'எச்டிடிபிஎக்ஸ்', லாகிங் 'இன்ஃபோ' நிலையில் இருந்தால், அந்த முகவரியை அப்படியே திரையில் அச்சடித்துக்கொண்டே இருக்கும். பாட் ஓடவில்லை என்று கருப்புத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து "அண்ணா, என்ன எரர் இது?" என்று புரோகிராமிங் குரூப்பில் போடுகிறார்களே, பாதிப் படங்களில் எரரைவிடத் தெளிவாக டோக்கன் தெரியும். அந்த லைப்ரரியோடு வரும் மாதிரிக் கோடுகளிலேயே எச்டிடிபிஎக்ஸின் லாகை 'வார்னிங்' நிலைக்கு ஏற்றி வைக்கும் ஒரு வரி உண்டு. தேவையில்லை என்று அதை அழித்துவிடாதீர்கள்.

வேறு யாரோ உங்கள் டோக்கனை ஓட்டுகிறார்கள் என்பதற்கு ஓர் அறிகுறி உண்டு. '409 கான்ஃப்ளிக்ட்' என்ற எரர் வந்தால், அதே டோக்கனோடு இன்னொரு இடத்திலிருந்தும் மெசேஜ் கேட்கப்படுகிறது என்று பொருள். பெரும்பாலும் நீங்களே லேப்டாப்பில் ஒன்று, சர்வரில் ஒன்று என இரண்டு இடத்தில் ஓடவிட்டு மறந்திருப்பீர்கள். அப்படி இல்லையென்றால் யோசித்துக்கொண்டு இருக்கவேண்டாம். பாட்ஃபாதரிடம் '/ரிவோக்' என்று சொல்லிப் புது டோக்கன் வாங்குங்கள். பழையது அந்த நொடியே செத்துவிடும். கிட்ஹப்பில் கோப்பை அழித்துவிட்டேன், அதனால் பிரச்சினை இல்லை என்று நினைப்பது வீண். பழைய பதிப்புகளான கமிட்டுகளில் டோக்கன் உட்கார்ந்திருக்கும், அதையே தேடி எடுக்கும் நிரல்கள் நாள் முழுக்க ஓடுகின்றன. முதலில் ரிவோக், அப்புறம் மற்ற சுத்தம்.

அடுத்த ஆபத்து லைப்ரரியின் பெயரிலேயே இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் டெலிகிராம் பாட் எழுதுகிறவர்கள் பலர் எடுப்பது 'நோட்-டெலிகிராம்-பாட்-ஏபிஐ'. 2025 ஏப்ரலில், 'நோட்-டெலிகிராம்-யூட்டில்ஸ்', 'நோட்-டெலிகிராம்-பாட்ஸ்-ஏபிஐ' என்று காதில் அதே மாதிரி விழும் போலிகள், ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளின் களஞ்சியமான என்பிஎம்மில் கண்டுபிடிக்கப்பட்டன. விளக்கப் பக்கம்கூட அசலைப் பார்த்து அச்சடித்ததுதான். லினக்ஸ் கணினியில் அவற்றை இயக்கினால், உரிமையாளருக்குத் தெரியாமல் தாக்குபவர் தொலைவிலிருந்தே உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவியை அனுமதிப் பட்டியலில் எழுதிவிட்டுப் போகும். பாட் வழக்கம்போல வேலை செய்யும். லைப்ரரியை அன்இன்ஸ்டால் செய்தாலும் எழுதிய சாவி எழுதியபடியே இருக்கும். அந்தப் பட்டியலைத் திறந்து, தெரியாத வரியைக் கையால் அழிக்க வேண்டும்.

அதே ஆண்டு டிசம்பரில் வாட்ஸ்அப் பக்கம் இன்னொன்று வெளிவந்தது. 'பெய்லீஸ்' என்ற பிரபல லைப்ரரியின் நகலாக 'லோட்டஸ்பெய்ல்' என்ற ஒன்று மாதக்கணக்கில் என்பிஎம்மில் இருந்தது. 56,000 முறைக்கு மேல் டவுன்லோடு ஆகியிருந்தது. சொன்ன வேலையை அது ஒழுங்காகச் செய்தது. கூடவே மெசேஜ்களையும் தொடர்பு எண்களையும் வெளியே அனுப்பியது, தாக்குபவரின் கருவியை உங்கள் கணக்கோடு இணைத்தும் வைத்தது. இங்கேயும் லைப்ரரியை நீக்கினால் போதாது. போனில் 'லிங்க்டு டிவைசஸ்' பட்டியலைத் திறந்து, உங்களுடையது அல்லாத ஒவ்வொன்றையும் வெளியேற்ற வேண்டும். இன்ஸ்டால் கட்டளையை யூடியூப் வீடியோவைப் பார்த்து டைப் செய்யாமல், அசல் திட்டத்தின் பக்கத்திலிருந்து காப்பி எடுப்பது இந்த இரண்டு கேசிலும் காப்பாற்றியிருக்கும்.

வாட்ஸ்அப்பைப் பற்றிக் கடைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2022 முதல் மெட்டாவின் 'கிளவுட் ஏபிஐ' எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அதில் காசு உண்டு, கட்டுப்பாடும் உண்டு: வாடிக்கையாளர் கடைசியாக எழுதி 24 மணி நேரம் தாண்டிவிட்டால், முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வாசகத்தை மட்டுமே அனுப்ப முடியும். இந்தத் தொல்லை வேண்டாமென்று பலர் பெய்லீஸ், 'வாட்ஸ்அப்-வெப்-ஜேஎஸ்' போன்ற அதிகாரபூர்வமற்ற லைப்ரரிகளுக்குப் போகிறார்கள். அவை திருட்டு மென்பொருள்கள் அல்ல. திறந்த மூலத் திட்டங்கள். ஆனால் வாட்ஸ்அப்பின் விதிகளுக்கு அவை புறம்பு, எண் முடக்கப்படலாம். போர்டிலும் பில்லிலும் கட்டைப்பையிலும் பத்து வருஷமாக அச்சடித்த எண் ஒரு காலையில் "தடை செய்யப்பட்டது" என்று காட்டினால், விதியை மீறியது நாம்தான் என்பதால் பெரிதாக வாதாட இடமிருக்காது. பாட் செய்து தருபவர் "லிங்க்டு டிவைசஸுக்குப் போய் இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க சார், வேற ஒண்ணும் வேண்டாம்" என்றால், எந்த லைப்ரரி என்று கேளுங்கள். கடையின் பிரதான எண்ணை இதற்குக் கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி.

இனி சட்டம். "நான் சும்மா கோட் எழுதிக் கொடுத்தவன்" என்ற பதிலுக்கு அங்கே மதிப்புக் குறைவு. பிறர் டோக்கனை எடுத்து நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் வரும். 3 ஆண்டு வரை சிறை உண்டு. ஒப்பந்த வேலையில் கிடைத்த வாடிக்கையாளர் விவரத்தை ஆதாயத்துக்காக வேறு ஒருவருக்குக் கொடுக்கும் புரோகிராமருக்கு 72ஏ பிரிவு இருக்கிறது. கடைக்காரரும் தப்ப முடியாது. மருத்துவ விவரம், வங்கி விவரம் போன்றவற்றை அலட்சியமாக வைத்திருந்து ஒருவருக்கு நஷ்டம் வந்தால் இழப்பீடு கொடுக்கச் சொல்கிறது 43ஏ. ஒரே ஆள் நடத்தும் தொழிலுக்கும் அது பொருந்தும்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. பாதுகாப்பு ஏற்பாடு இல்லையென்றால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்ற எண் எல்லோர் கண்ணிலும் பட்டுவிட்டது. சாதாரணமானவர்களுக்குப் பயன்படும் பகுதி வேறு. எந்த விவரத்தை எதற்காக வாங்குகிறீர்கள் என்று முன்னாலேயே சொல்ல வேண்டும். அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும், அதாவது தமிழிலும். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம், விவரத்தைத் திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். கசிவு நடந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவித்தாக வேண்டும். 18 வயது நிரம்பாதவர்களிடம் விவரம் வாங்கப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பது பொதுவிதி. கல்வி நிலையங்களுக்கு வரம்போடு விலக்கு உண்டு. இதற்கெல்லாம் வக்கீல் தேவையில்லை. 'ஸ்டார்ட்' அழுத்தியதும் வரும் முதல் மெசேஜில் என்ன வாங்குகிறோம், எத்தனை நாள் வைத்திருப்போம், அழிக்க யாரிடம் சொல்ல வேண்டும் என்று நான்கு வரி எழுதினால் பாதி வேலை முடிந்தது.

பயன்படுத்துபவர்கள் பக்கம் சில விஷயங்கள். பாட்டோடு பேசுவது டெலிகிராமின் ரகசிய சாட் அல்ல. மறுமுனையில் இருப்பவர் நீங்கள் எழுதியதை அப்படியே சேமிக்கலாம். உங்கள் போன் எண் தானாக அதற்குப் போவதில்லை, தொடர்பைப் பகிரும் பொத்தானை நீங்கள் அழுத்தினால்தான் போகும். குரூப்பில் சேர்த்த பாட், இயல்பாகத் தனக்கு இடப்பட்ட கட்டளைகளையும் தனக்கான பதில்களையும் மட்டுமே பார்க்கும். அதை அட்மின் ஆக்கினால் மனிதர்கள் எழுதும் எல்லாமே தெரியும். அப்பார்ட்மென்ட் குரூப்பில் "குட்மார்னிங் பாட்"டுக்கு அட்மின் பதவி எதற்கு?

பாட்டே திருட்டுத் தரவின் கடையாக மாறிய கேசுகளும் உண்டு. 2023 ஜூனில், மொபைல் எண்ணைக் கொடுத்தால் தடுப்பூசி போட்டவரின் விவரத்தைக் காட்டும் பாட் ஒன்று கிளம்பியது. தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவினின் தரவுத்தளம் நேரடியாக உடைக்கப்படவில்லை என்றது அரசு. 2024 செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தின் பாலிசிதாரர் ஆவணங்கள் டெலிகிராம் பாட்கள் வழியே கிடைப்பதை ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போனது, நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இப்படி ஒரு பாட் கண்ணில் பட்டால், வேலை செய்கிறதா பார்ப்போம் என்று பக்கத்து வீட்டுக்காரர் எண்ணைப் போட்டுப் பார்க்காதீர்கள். பாட்டின் '@' பெயரும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். காட்சிப் பெயரை யாரும் மாற்றிக்கொள்ளலாம். செயலியில் ரிப்போர்ட் செய்துவிட்டு, தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் பதியுங்கள். பணம் போயிருந்தால் முதலில் 1930 உதவி எண்ணை அழையுங்கள். செயலி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி கைவிரித்தால், 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். நஷ்டஈடு வேண்டுமென்றால் வழி தனி: மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர்தான் தீர்ப்பளிக்கும் அதிகாரி, 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவரே விசாரிக்கலாம். போலீஸ் ஸ்டேஷனோடு நின்றுவிடுகிறவர்களுக்கு இந்தக் கதவு இருப்பதே தெரிவதில்லை.

கடைசியாக, பாட் செய்து கொடுத்த பையன் வேலை கிடைத்து பெங்களூர் போகும் நாள். பாட் பெரும்பாலும் அவருடைய சொந்தக் கணக்கில்தான் பதிவாகியிருக்கும். பாட்ஃபாதரில் உரிமையை இன்னொரு கணக்குக்கு மாற்ற வசதி இருக்கிறது; அதற்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு முன்பே இயக்கத்தில் இருக்க வேண்டும். ஆகவே அவர் ஊரில் இருக்கும்போதே உட்கார வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய கையோடு '/ரிவோக்' போட்டுப் புது டோக்கனும் வாங்கிவிடுங்கள். பழையதன் நகல் அவர் லேப்டாப்பில் இருக்கும்.