மண்டியிட்ட நகரம்

1541-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள யார்க் நகரத்துக்கு வெளியே, மேயரும் அவருடைய சபையினரும் மண்ணில் மண்டியிட்டு, முன்பு இழைத்த ராஜத்துரோகத்துக்காக க்ஷமை வேண்டி, எட்டாம் ஹென்றி அரசனுக்கு 100 பவுன் பொன் நிரம்பிய கிண்ணம் ஒன்றையும், அவனுடைய ஐந்தாவது மனைவி காதரின் ஹோவர்டுக்கு 40 பவுன் நிரம்பிய இன்னொன்றையும் காணிக்கையாக நீட்டினார்கள். சரித்திரத்தில் உள்ள இந்தக் காட்சியின் ஓரத்தில், குடிமக்களின் மனுக்களைக் கையில் கொடுத்து ஒரு கூனல் முதுகு வக்கீலை நிறுத்தி, அரசன் வாயாலேயே அந்த முதுகைப் பரிகாசம் செய்ய வைத்தவர் சி. ஜே. சான்ஸம் என்ற நாவலாசிரியர். மத்தேயு ஷார்ட்லேக் என்னும் அந்த வக்கீல் துப்பறியும் கதைவரிசையில் மூன்றாவதான 'சாவரின்' 2006-இல் வெளிவந்தது. சான்ஸமும் வக்கீல் தொழில் பார்த்தவர். அதற்கு முன் சரித்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர்.

மேயர் மண்டியிட நேர்ந்த காரணத்தைச் சிறிது சொல்ல வேண்டும். 1536-இல் அரசன் சிறு மடாலயங்களைக் கலைத்து அவற்றின் சொத்தைக் கைப்பற்றத் தொடங்கியபோது, வரிச்சுமையாலும் முன்பே கொதித்திருந்த வடநாட்டு ஜனங்கள், கிறிஸ்துவின் ஐந்து திருக்காயங்கள் தீட்டிய கொடியை ஏந்திக் கிளம்பினார்கள். தங்கள் கலகத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'அருள் யாத்திரை'. ராபர்ட் ஆஸ்க் என்ற வக்கீலின் தலைமையில் டான்காஸ்டர் அருகே திரண்ட 30,000 பேருக்கு மேற்பட்ட அந்தக் கூட்டத்தின் முன்னே அரசனுடைய படை மிகச் சிறியது. ஆதலால் யுத்தத்துக்குப் பதிலாக வாக்குறுதி வந்தது. மன்னிப்பு உண்டு, யார்க்கில் பார்லிமெண்டு கூடும் என்ற பேச்சை நம்பி ஜனங்கள் வீடு திரும்பினார்கள். ஆஸ்க் கிறிஸ்துமஸுக்கு அரண்மனை விருந்தினராகவும் போய் வந்தார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் வேறொருவர் மூட்டிய சிறு கலகம் அரசனுக்குச் சாக்காக வாய்க்க, ஜூலையில் ஆஸ்க் யார்க் கோட்டையில் சங்கிலியில் தொங்கவிடப்பட்டார்.

இப்படி ஏமாந்து அடங்கிய ஊரில்தான் கதை நடக்கிறது. தெற்கத்திய உச்சரிப்பைக் கேட்ட மாத்திரத்திலேயே கடைக்காரன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இடத்தில், கொலை எதுவும் நடவாவிட்டாலும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ரகசியம் இருக்கும். மர்மக் கதைக்கு இதைவிட நல்ல நிலம் கிடைப்பது அரிது என்றே நினைக்கிறேன்.

கலைக்கப்பட்ட செயின்ட் மேரி மடாலயத்தில், அரசனை வரவேற்க மாளிகைகளும் கூடாரங்களும் எழும்பிக்கொண்டிருக்க, அங்கே ஜன்னல்களிலிருந்து வர்ணக் கண்ணாடிகளைக் கழற்றிக்கொண்டிருந்த கண்ணாடித் தொழிலாளி ஒருவர், கழற்றிய கண்ணாடிகளையே ஏற்றி வைத்திருந்த தம் வண்டிக்குள் விழுந்து கிடக்கிறார். அரைகுறையாகச் சில வார்த்தைகளை ஷார்ட்லேக்கின் காதில் சொல்லிவிட்டு உயிர் விடுகிறார். அவர் வீட்டுச் சுவருக்குள் மறைத்து வைத்திருந்த பெட்டியில் அகப்படும் காகிதங்கள், அரசனுடைய வம்சாவளியையே சந்தேகத்துக்குள்ளாக்கும் பழைய வதந்தியொன்றைத் தொடுகின்றன. வக்கீல் நன்றாகப் படிப்பதற்குள் மண்டையில் அடி விழுகிறது, காகிதங்கள் மறைகின்றன. கொலையாளி யாரென்று நான் சொல்லப் போவதில்லை. நாவல் நீளந்தான், மழையிலும் சேற்றிலும் வாசகனையும் சேர்த்தே நடக்க வைக்கிறார் ஆசிரியர்.

குடிகளின் வீடுகளில் துரோகத்தைத் தேடிக்கொண்டே வந்த அரசனுக்கு, அதே வடநாட்டுப் பயணத்தில் தன் இளம் மனைவி இரவில் தாமஸ் கல்பெப்பர் என்ற அரசவையாளனைச் சந்தித்தது தெரியாமற் போனதை எந்த நாவலாசிரியரும் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. 1542 பிப்ரவரியில் அவள் தலை வீழ்ந்தது.

ஆனால் இந்த நாவலில் என் மனத்தைப் பிடித்தது வேறொன்று. யார்க் கோட்டையில் ஸர் எட்வர்டு பிராடரிக் என்ற சதிகாரன் சிறைப்பட்டிருக்கிறான். அவனை நோயின்றிப் பத்திரமாக லண்டன் கொண்டு சேர்க்கும்படி ஷார்ட்லேக்கை அனுப்பியவர் ஆர்ச்பிஷப் கிரான்மர்; அங்கே டவர் சிறையில் சித்திரவதை நிபுணர்கள் அவனிடமிருந்து ரகசியத்தைக் கறக்கக் காத்திருக்கிறார்கள். இரக்க சுபாவமுள்ள அந்த வக்கீல், கைதிக்குப் புது வைக்கோல் போடச் சொல்கிறார், வைத்தியரை அழைக்கிறார், உணவை விசாரிக்கிறார். தனக்குக் காட்டப்படும் அக்கறை எதற்கென்று கைதிக்கும் தெரியும். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அவன் வக்கீலைப் பார்க்கிற பார்வையில், நன்றி என்ற பேச்சுக்கே இடமில்லை.