நாய்க்குட்டிகளின் கொள்ளைநோயும் காப்பகங்களின் கூட்டுறவும்



வன்னியிலே பாடசாலைக் கட்டடங்களின் பின்புறத்தில் நாய் குட்டி ஈன்று கிடப்பது புதுமையன்று. எங்கள் பாடசாலை விறகுக் கொட்டிலிலும் ஒரு மாரிகாலத்தில் ஆறு குட்டிகள் பிறந்தன. பிள்ளைகள் தம் சோற்றைப் பங்கிட்டு அவற்றை வளர்த்தனர். ஏழாம் கிழமையில் ஒரு குட்டி உண்ண மறுத்தது. மறுநாள் வாந்தி, அதன்பின் இரத்தங் கலந்த வயிற்றோட்டம். நான்கே நாளில் ஐந்து குட்டிகள் மாண்டன. யாரோ நஞ்சு வைத்தனர் என்று பிள்ளைகள் அழுதனர். நானும் அவ்வாறே எண்ணினேன். அது ‘பார்வோ’ என்னும் வைரசு நோய் என்பதைப் பின்னர் மிருக வைத்தியர் ஒருவர் விளக்கியே அறிந்தேன்.

1978 இல் முதன்முதலாக இனங்காணப்பெற்ற இந்நோய் இரண்டொரு ஆண்டுகளில் உலகெங்கும் பரவிவிட்டது. மனிதரை இது தொற்றாது. ஆயின் மனிதரின் செருப்பிலும் கையிலும் ஏறிப் பயணஞ் செய்யும். நோயுற்ற குட்டியின் மலத்திலிருந்து மண்ணிற் சேர்ந்த கிருமி பல மாதங்கள் அழியாது கிடக்கும். சவர்க்காரத்துக்கு அது அசையாது. துணி வெளுக்கும் குளோரின் திரவத்தில் ஒரு பங்குக்கு முப்பது பங்கு நீர் கலந்து, முன்னரே கழுவிய தரையிற் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். சீமெந்துத் தரைக்கு இது பொருந்தும். மண்முற்றத்துக்கு என் செய்வது?

தடுப்பூசி உண்டு. எனினும் தாய்ப்பால் தந்த காப்பு உடலில் உள்ளவரை ஊசி பலியாது. அக்காப்பு எந்நாளில் நீங்குமென்று எவராலுங் கூறவியலாது. ஆதலால் ஆறு முதல் எட்டுக் கிழமை வயதில் தொடங்கி, மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை, பதினாறு கிழமை வரை ஊசி இடுவர். இடைப்பட்ட நாள்களே ஆபத்தானவை.

கிளிநொச்சி மாவட்டத்தில், ஆனையிறவுக்கு வடக்கேயுள்ள இயக்கச்சியில், சிவபூமி அறக்கட்டளையினர் கட்டாக்காலி நாய்களுக்கென ஒரு சரணாலயம் அமைத்துள்ளனர். இத்தகைய இடங்களின் வாயிலிற் குட்டிகளைக் கொண்டுவந்து விடுவோர் இரக்கமுடையோரே. ஆனால் எந்தக் காப்பகத்திலும் பார்வோ தோன்றிவிட்டால், அங்கே புதிய குட்டியை ஏற்பது அதனைக் கொல்வதற்கு ஒப்பாகும். கதவை அடைத்தே ஆகவேண்டும். வெளியே நிற்கும் நலமான குட்டியை அயற்காப்பகமோ அயல்வீடோ ஏற்றால் மட்டுமே அக்கதவை மனச்சாட்சியோடு அடைக்கலாம். இதற்கு முதலில் நோயை மறைக்காது அறிவித்தல் வேண்டும். நற்பெயர் கெடுமென்றஞ்சி மறைப்பவர் அயலாரின் குட்டிகளையும் பலியிடுகின்றனர் என்பேன்.

உள்ளே இருந்த குட்டிகளை இடம் மாற்றலாகாது. சேலைன், ஊசிமருந்து, குளோரின் திரவம், பணம் ஆகியன வாயில்வரை செல்லலாம். உதவச் செல்பவர் காலையில் நோய்க்குட்டியைத் தொட்டு மாலையில் நலமான குட்டியைத் தொடுதல் கூடாது.

நோயுற்றவற்றையே பிற காப்பகங்களிலிருந்து ஏற்கும் இடமும் உண்டு. அமெரிக்காவின் ஒஸ்டின் நகரில் ‘ஒஸ்டின் பெட்ஸ் அலைவ்’ என்னும் காப்பகம் இதற்கெனத் தனிவிடுதி வகுத்தது. 2008 முதல் 2019 வரை அங்கே சிகிச்சை பெற்ற 5,127 நாய்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பிழைத்தன. இறந்தவற்றுட் பெரும்பாலானவை முதல் ஐந்து நாளிலேயே இறந்தன. அதாவது, நீரும் உப்பும் உடலில் வற்றாமல் அந்த ஐந்து நாளைக் கடத்திவிட்டாற் பெரும்பகுதி வென்றதாகும்.

எங்கள் ஆறாவது குட்டி எவ்வாறோ பிழைத்தது. விறகுக் கொட்டிலை ஓராண்டுக்குப் பூட்டி வைத்தோம். அடுத்த மாரியில் வேறொரு நாய் குட்டிகளோடு வந்தபோது, பிள்ளைகளே அவற்றைக் கூடையில் ஏந்தி, பாடசாலைக்கு அப்பாலுள்ள ஒரு வீட்டு மாட்டுக்கொட்டிலிற் சேர்த்தனர்.