கூட்டுக் கிணறும் இணையக் கோப்புறையும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

எங்கள் பண்ணைப்புரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தோட்டங்களில், கூட்டுக் கிணறுகள் உண்டு. கிணறு ஒன்று, பங்காளிகள் மூவர் அல்லது நால்வர். இன்று ஒருவர் மோட்டார் போட்டால் நாளை மற்றவர் முறை. பத்திரத்தில் "கிணற்றில் நாலில் ஒரு பாகம்" என்று எழுதியிருக்கும். அதற்காகக் கிணற்றை நான்காக வெட்டி எடுத்துச் செல்ல முடியுமா? நீர் ஒன்றே, அதை எடுக்கும் உரிமைதான் பங்கு வைக்கப்படுகிறது. இணையத்தில் ஒரு கோப்புறையைப் பிறரோடு பகிர்ந்துகொள்வதும் ஏறக்குறைய இதைப் போன்றதே.

அந்தக் கிணறு எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். 'மேகம்' என்று அழகாகப் பெயர் சூட்டியிருக்கிறார்களே தவிர, அது வானத்தில் இல்லை. கூகுள், மைக்ரோசாஃப்ட் முதலிய நிறுவனங்கள் பெரிய பெரிய கட்டடங்களில் எண்ணற்ற கணினிகளை இரவு பகலாக ஓடவிட்டு, அவற்றில் நமக்கென ஒரு மூலையை ஒதுக்கித் தருகின்றன. அமெரிக்காவில் ட்ரூ ஹவுஸ்டன் என்ற இளைஞர், பேருந்தில் ஏறிய பிறகே தம் பென் டிரைவை மறந்து வந்துவிட்டதை உணர்ந்தாராம். அந்த எரிச்சலில் பிறந்ததே, 2007-இல் அவரும் அராஷ் ஃபெர்டோசியும் தொடங்கிய டிராப்பாக்ஸ். கூகுள் டிரைவ் 2012 ஏப்ரலில் வந்தது. அதில் ஒரு கணக்குக்கு 15 ஜிபி இடம் இலவசம். நம் மின்னஞ்சலும் கூகுள் போட்டோஸ் படங்களும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும்.

ஒரு பாடக் குறிப்பை வாட்ஸ்அப்பில் நாற்பது பேருக்கு அனுப்பினால் நாற்பது படிகள் உண்டாகின்றன. அதில் ஒரு சூத்திரம் தவறென்று தெரிந்தால் மீண்டும் நாற்பது பேருக்கும் அனுப்ப வேண்டும். பழையது எது, புதியது எது என்ற குழப்பம் வேறு! பகிர்ந்த கோப்புறையிலோ இருப்பது ஒரே கோப்பு. ஒருவர் திருத்தினால் எல்லாருக்கும் திருந்திவிடும். வசதி இதுதான், ஆபத்தும் இதிலேதான் இருக்கிறது.

ஆகவே பகிரும்போது மூன்று வகை உரிமைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது கூகுள் டிரைவ். பார்ப்பவர் படிக்கலாம். கருத்துரைப்பவர் ஓரத்தில் குறிப்பு எழுதலாம். திருத்துபவரோ மாற்றலாம், புதிதாகச் சேர்க்கலாம், இருப்பதை வெளியே நகர்த்தலாம். அது மட்டுமா? உரிமையாளர் தடுத்து வைக்காவிட்டால், அவர் தாமாகவே வேறொருவரையும் உள்ளே அழைத்துவிடலாம். ஒரு வகுப்பின் பாடக் குறிப்புக் கோப்புறைக்கு இரண்டு பேர் திருத்துபவராக இருந்தால் போதும் என்பது என் எண்ணம். மற்றவர்கள் பார்ப்பவராக இருப்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பகிர்ந்த கோப்புறைக்குள் நாளை நாம் போடும் கோப்பும் அதே ஆட்களின் பார்வைக்குப் போய்விடும். கோடை விடுமுறைப் படங்களுக்கென்று சித்தி பிள்ளைகளோடு பகிர்ந்த கோப்புறையில், அப்பா அவசரத்துக்கு ஆதார் அட்டையின் படத்தையும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் போட்டு வைத்தால், அவையும் பொதுச் சொத்தாகிவிடும். இத்தகைய ஆவணங்களுக்குத் தனியே, யாரோடும் பகிராத ஓர் உறை வேண்டும்.

இனி, லிங்க் என்று எல்லாரும் சொல்லும் இணைப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன். பெயர் சொல்லிப் பகிர்வது ஒரு முறை. அவர்களுடைய மின்னஞ்சல் முகவரிகளைக் கொடுத்தால் அவர்கள் மட்டுமே உள்ளே வர முடியும். 'இணைப்பு உள்ள எவரும்' என்பது மற்றொரு முறை. இது வாசற்படியில் சாவியை வைத்துவிட்டு வருவதற்குச் சமம். வந்தவர் யார் என்றுகூடத் தெரியாது. பொதுவில் திறந்துவிட்ட ஆவணத்தில் முகம் தெரியாதவர் நுழைந்தால், கூகுள் அவருக்கு ஏதேனும் ஒரு விலங்கின் பெயரைச் சூட்டிக் காட்டுகிறது! வேடிக்கைதான், ஆனால் ஆண்டு விழாவில் நடனமாடிய சிறுமியரின் படங்களை அந்த 'விலங்கு' பார்த்துக்கொண்டிருந்தால் வேடிக்கையாக இருக்குமா? ஒரு வாட்ஸ்அப் குழுவில் இட்ட இணைப்பு இன்னொரு குழுவுக்குத் தாவ ஒரு நிமிடம் போதும். பிறகு நாம் வாசலைப் பூட்டலாம். ஆனால் அதற்குள் இறக்கி வைத்துக்கொண்டவர் கையிலுள்ள படியைத் திரும்பப் பெற எந்தப் பொத்தானும் இல்லை. மாணவியர் படங்களைப் பெற்றோரின் முகவரிகளுக்குப் பெயர் சொல்லிப் பகிர்வதே முறை. நாற்பது முகவரிகளைத் தட்டச்சு செய்வது சிரமம்தான். அந்தச் சிரமம் பட வேண்டியதே.

எல்லாருக்கும் திறந்து வைப்பது எப்போதும் தவறென்று நான் கூறவில்லை. 1998-இல் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தமிழன்பர்கள் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, இணையத்தில் வைத்தார்கள். எவரும் இலவசமாக எடுத்துப் படிக்கலாம். நூலுக்கு அது ஏற்றது. நம் முகத்துக்கு ஏற்றதன்று.

சிலர் இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு என்று கடவுச்சொல்லையே தோழியிடமோ கணினி மையத்தாரிடமோ கொடுத்துவிடுகிறார்கள். இது பங்கு கொடுப்பதாகாது. பத்திரத்தையே எழுதிக் கொடுப்பதாகும். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்லூரியில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழுவினர் ஒரே கணினியைப் பலரும் பயன்படுத்த வகை செய்தபோது, அவரவர் கோப்பு அவரவருக்கே என்று காப்பதற்காகவே கடவுச்சொல்லைப் புகுத்தினார்கள்.

முடிவாக, கிணற்றின் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி. கூகுள் டிரைவில் கோப்பை ஏற்றியவரே அதன் உரிமையாளர். கோப்புறை யாருடையதாக இருந்தாலும் சரியே. அவர் அழித்தால் அது 30 நாள் குப்பைத் தொட்டியில் கிடந்து, பின்னர் எல்லாருக்கும் மறைந்துவிடும். கோப்புறையின் உரிமையை வேறொருவருக்கு மாற்றினாலும், உள்ளிருக்கும் கோப்புகள் அவரவர் பெயரிலேயே நிற்கும். நம்மில் பலர் அப்பாவின் கைப்பேசியில், அப்பாவின் கணக்கில்தான் ஏற்றுகிறோம். அந்தக் கைப்பேசி பழுதாகி, கடவுச்சொல்லும் மறந்து, இரண்டு ஆண்டுகள் எவரும் அந்தக் கணக்குக்குள் நுழையாவிட்டால், அதைக் கூகுள் நீக்கிவிடலாம். 2023 டிசம்பர் முதல் இந்த விதி நடைமுறையில் உள்ளது. பள்ளி தரும் கணக்கும் நாம் பள்ளியைவிட்டுப் போன பின் மூடப்படக்கூடும். ஆதலால் பத்தாம் வகுப்புத் தோழியரே, பொதுத்தேர்வு முடிந்த கையோடு உங்களுக்கு வேண்டிய குறிப்புகளையும் படங்களையும் உங்கள் சொந்தக் கணக்கில் ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு இந்த வகுப்புக்கு வரும் தங்கையருக்காகவும், அவர்களில் ஒருத்தியின் கணக்கில் ஒரு படி இருக்கட்டும்.