அமெரிக்க ஆய்வுப் படிப்பு: காத்திருப்போர் பட்டியலும் கல்லூரித் தெரிவும்

முன்னுரை

பொருள் தேடிக் கடல் கடத்தல் தமிழர்க்கு நெடுநாள் பழக்கம். கல்வி தேடிக் கடல் கடத்தலோ அண்மைக் காலத்தில் பெருகி வருவது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை நாடுவோர் பொறியியல், கணிப்பொறி மாணவரே என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. தமிழ், வரலாறு, மொழியியல் பயின்றோர்க்கும் அங்கு இடமுண்டு என்பதைப் பலர் அறியார். மைசூரில் பிறந்த ஏ. கே. இராமானுஜன் 1963-ஆம் ஆண்டு இந்தியானா பல்கலைக்கழகத்தில் மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர்ச் சிகாகோவில் இருந்துகொண்டே சங்க இலக்கியத்தை உலகறியச் செய்தார். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 1948-லேயே தெற்காசியவியலுக்கெனத் தனித்துறை தோன்றியது. பெர்க்லி, சிகாகோ, விஸ்கான்சின் ஆகிய இடங்களிலும் தமிழ் கற்பிக்கப்பட்டு வந்துள்ளது.

விண்ணப்பம் அனுப்புவது எவ்வாறு என்பதைக் கூறுவோர் பலர். அனுப்பிய பின்னர் வரும் மூன்று மாதங்களில் மாணவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதைக் கூறுவோர் சிலரே. காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருந்தால் செய்வது என்ன, இரண்டு இடங்கள் கிடைத்தால் எதனைக் கொள்வது, கொள்ளாததை எப்போது விடுவது என்னும் வினாக்களை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. முடிவு செய்வோர் யாவர்?

நம் நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை பெரும்பாலும் மதிப்பெண், நுழைவுத் தேர்வு, இட ஒதுக்கீடு, தரவரிசைப் பட்டியல் என்னும் வரையறைகளுக்குள் நடைபெறுவது. ஒரு மதிப்பெண் கூடினால் இடம் உறுதி, குறைந்தால் இல்லை என்று கணக்கிட்டுப் பழகியவர்கள் நாம். அமெரிக்க முனைவர் பட்டச் சேர்க்கை அத்தகையதன்று. அங்கு அந்தந்தத் துறையின் பேராசிரியர் சிலர் குழுவாக அமர்ந்து விண்ணப்பங்களைப் படிக்கின்றனர். இம்மாணவரின் ஆய்வுக்கு வழிகாட்டத்தக்கவர் நம் துறையில் உள்ளாரா, அவரிடம் ஏற்கெனவே எத்தனை மாணவர் உள்ளனர், இவ்வாண்டு எத்தனை பேருக்கு உதவித்தொகை தர இயலும் என்பனவே அவர்கள் எழுப்பும் வினாக்கள். ஆதலின் மிகச் சிறந்த மாணவர் ஓரிடத்தில் மறுக்கப்படுவதும், அவரே அதனினும் புகழ்பெற்ற இடத்தில் ஏற்கப்படுவதும் அங்கு வியப்பன்று. மறுப்புக் கடிதம் மாணவரின் தகுதிக்கு எழுதப்பட்ட தீர்ப்பு ஆகாது.

முதுகலைப் பட்டத்திற்கும் முனைவர் பட்டத்திற்கும் இடையே பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. முதுகலை மாணவர் பெரும்பாலும் தம் செலவிலேயே படிக்கின்றார். முனைவர் பட்ட மாணவருக்கோ பல பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணத்தை நீக்கி, மருத்துவக் காப்பீடும் அளித்து, கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ பணியமர்த்தி ஊதியமும் தருகின்றன. இவ்வாதரவு பொதுவாக 5 ஆண்டுகளுக்கு உரைக்கப்படும். ஒரு மாணவரைச் சேர்த்தல் என்பது துறைக்கு 5 ஆண்டுச் செலவு என்பதை நினைவிற் கொண்டால், இடங்கள் ஏன் குறைவு என்பதும், காத்திருப்போர் பட்டியல் ஏன் தோன்றுகிறது என்பதும் எளிதில் விளங்கும்.

2. விண்ணப்பத்தின் உறுப்புகள்

மதிப்பெண் சான்று, நோக்க உரை, பரிந்துரைக் கடிதங்கள் மூன்று, எழுத்து மாதிரி ஒன்று, ஆங்கிலத் தகுதிக்கு டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு ஆகியன பொதுவாகக் கேட்கப்படும். ஜி.ஆர்.இ. தேர்வு ஒரு காலத்தில் எங்கும் கட்டாயமாக இருந்தது. இன்று பல துறைகள் அதனைக் கேட்பதில்லை. பள்ளியில் 12 ஆண்டும் இளங்கலையில் 3 ஆண்டும் படித்தவர்க்கு 15 ஆண்டுக் கல்வியே ஆகின்றது. பல பல்கலைக்கழகங்கள் 16 ஆண்டுகளை எதிர்பார்ப்பதால், நம் மாணவர் முதுகலை முடித்து விண்ணப்பித்தல் நலம்.

இவற்றுள் இரண்டினைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். முதலாவது நோக்க உரை. தாய்மொழிப் பற்றினையும் இளமை முதல் கொண்ட ஆர்வத்தையும் பாராட்டி எழுதுவது நம் வழக்கம். குழுவினர் தேடுவதோ ஆய்வு வினா ஒன்றினை. எடுத்துக்காட்டாக, 1572-இல் இயற்றப்பட்ட வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிர மசலா என்னும் நூலை எடுத்துக்கொள்வோம். ‘இசுலாமியத் தமிழ் இலக்கியத்தில் எனக்கு ஈடுபாடு உண்டு’ என்பது ஒருவகை. ‘ஆயிர மசலாவின் வினா விடை அமைப்பு தமிழ்ச் செய்யுள் மரபோடு எவ்வாறு இயைந்தது என்பதை ஆராய விரும்புகிறேன்’ என்பது மற்றொரு வகை. இரண்டாவது கூற்றே குழுவினரைப் படிக்க வைக்கும். இத்தகைய வினாக்களுக்கு அங்கு மதிப்புண்டு என்பதற்கு ரோனிட் ரிச்சியின் ஆய்வே சான்று. அதே ஆயிரம் வினாக்களின் வரலாறு தமிழ், மலாய், சாவக மொழிகளில் பெற்ற வடிவங்களை அவர் ஒப்பிட்டு எழுதிய நூல் 2011-இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பாக வெளிவந்தது.

இரண்டாவது பரிந்துரைக் கடிதம். ‘ஒழுக்கமுடையவர், கடின உழைப்பாளி’ என்னும் பொதுச் சொற்களால் பயன் விளையாது. மாணவர் எழுதிய கட்டுரை எது, எழுப்பிய ஐயம் எது, அதனை அவர் எவ்வாறு தீர்த்தார் என்று நிகழ்ச்சிகளைக் காட்டும் கடிதமே எடுபடும். ஆசிரியர்க்கு அதனை எழுத நாள் வேண்டும். ஆதலின் செப்டம்பரிலேயே கேட்டுவிடுதல் முறை.

3. கால ஒழுங்கு

விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும் முடிவடைகின்றன. முடிவுகள் ஜனவரி இறுதி முதல் மார்ச் வரை ஒவ்வொன்றாக வரும். வகுப்புகள் ஆகஸ்டு இறுதியிலோ செப்டம்பரிலோ தொடங்கும். எல்லா முடிவுகளும் ஒரே நாளில் வருவதில்லை என்பதே மாணவரின் மனத்தை மிகவும் வருத்துவது. ஒரே துறையில் ஒருவர்க்கு ஏற்புக் கடிதம் வந்திருக்க, மற்றவர்க்கு ஆறு வாரம் மௌனம் நீடிக்கலாம். அம்மௌனத்திற்குப் பொருள் பெரும்பாலும் காத்திருப்போர் பட்டியலே ஆகும்.

4. காத்திருப்போர் பட்டியல் இயங்கும் முறை

ஒரு துறையில் 6 பேருக்கு ஆதரவளிக்கப் பொருள் உள்ளது எனக் கொள்வோம். அழைக்கப்படுவோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேறிடம் செல்வர் என்பதைப் பட்டறிவால் உணர்ந்த துறை 10 பேருக்கு அழைப்பு விடுக்கும். அடுத்த 5 பேரைக் காத்திருக்கச் சொல்லும். பத்துப் பேரில் அறுவர் இசைந்தால் பட்டியல் அசையாது. நால்வரே இசைந்தால் இருவர்க்கு இடம் கிடைக்கும்.

இப்பட்டியல் தொடர்வண்டி முன்பதிவுப் பட்டியல் போன்றதன்று. அதில் எண் வரிசைப்படி இடம் கிடைக்கும். இதிலோ பெரும்பாலும் ஆய்வுப் பிரிவே வழி காட்டும். மொழியியலாளர் ஒருவர் வர மறுத்தால் அவ்விடம் மொழியியலார்க்கே செல்லக்கூடும். இலக்கிய மாணவர் பட்டியலில் முதலில் இருப்பினும் பயனில்லை. ஆதலின் ‘நான் எத்தனையாவது?’ என்று வினவுவதினும், ‘என் பிரிவில் பட்டியல் உள்ளதா? எப்போது நிலை தெரியும்?’ என்று வினவுவதே அறிவுடைமை.

காத்திருப்போர் செய்யத்தக்கன மூன்று. ஒன்று, பட்டியலில் நீடிக்க விருப்பம் உண்டு என்பதை உடனே எழுத்தில் தெரிவித்தல். இரண்டு, கட்டுரை வெளியீடு, தேர்வு முடிவு, பரிசு எனப் புதிய செய்தி இருப்பின் ஒருமுறை சுருக்கமாக அறிவித்தல். மூன்று, அத்துறையே தம் முதல் விருப்பம் என்பது உண்மையாயின் அதனை வெளிப்படையாக எழுதுதல். இடம் தந்தால் வருவார் என்னும் உறுதி துறைக்குப் பயன்படும் செய்தியாகும். இதே சொல்லை இரண்டு துறைகளுக்கு எழுதுதல் பொய்யுரை. பேராசிரியர்கள் ஒருவரையொருவர் அறிந்த சிறு உலகம் அது. வாரந்தோறும் கடிதம் விடுத்து நச்சரித்தலும் தீமையே தரும்.

5. ஏப்ரல் 15

அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் மன்றம் ஒரு தீர்மானத்தை வகுத்து, பல பல்கலைக்கழகங்கள் அதில் ஒப்பமிட்டுள்ளன. நிதி ஆதரவோடு கூடிய அழைப்பிற்கு ஏப்ரல் 15-ஆம் நாளுக்கு முன்னர் விடை கூறும் கடமை மாணவர்க்கு இல்லை என்பதே அதன் சாரம். முன்னரே இசைந்தவரும் அந்நாள் வரை எழுத்து மூலம் விலகிக்கொள்ளலாம்.

இதனைப் பற்றி மூன்று குறிப்புகள் இன்றியமையாதன. முதலாவதாக, இத்தீர்மானம் நிதி ஆதரவைப் பற்றியது; ஆதரவின்றி இடம் மட்டும் தரும் அழைப்புகளை, குறிப்பாக முதுகலை அழைப்புகளை, இது கட்டுப்படுத்தாது. அவ்விடங்களில் முன்னதாகவே விடையும் வைப்புத்தொகையும் கேட்கப்படலாம். அத்தொகை திரும்ப வராது. இரண்டாவதாக, ஒப்பமிட்ட பல்கலைக்கழகம் முன்கூட்டியே நெருக்கினால், தீர்மானத்தைச் சுட்டிப் பணிவோடு காலம் கேட்கலாம். மூன்றாவதாக, அவர்கள் நாள் வேறு, நம் நாள் வேறு. ஏப்ரலில் நம் கடிகாரம் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு 9½ மணியும் மேற்குக் கரைக்கு 12½ மணியும் முந்தியது. பட்டியல் மிகுதியாக அசைவது அவ்விறுதி நாட்களிலேயே ஆதலின், மின்னஞ்சலையும் தொலைபேசியையும் இரவும் கவனித்திருத்தல் வேண்டும்.

6. இரண்டு அழைப்புகளுள் எது?

பல்கலைக்கழகத்தின் பெயரொளியில் மயங்குதல் இயல்பே. எனினும் 5 ஆண்டுகள் மாணவர் வாழப்போவது ஒரு துறையில், ஒரு வழிகாட்டியின் கீழ். அவ்வழிகாட்டி ஓய்வு பெறும் நிலையில் உள்ளாரா, வேறிடம் செல்ல இருக்கிறாரா, அவர் இல்லாதபோது அத்துறையில் மற்றொருவர் உண்டா என்று அறிதல் வேண்டும். அவரிடம் பயிலும் மாணவர் இருவர் மூவர்க்கு எழுதிக் கேட்டால் உண்மை விளங்கும். ‘பட்டம் பெற எத்தனை ஆண்டு ஆயிற்று? பெற்றவர்கள் இன்று எங்குள்ளனர்? இடையில் விட்டுச் சென்றோர் உண்டா?’ என்னும் மூன்று வினாக்கள் போதும்.

அடுத்தது பொருள். தொகையை மட்டும் ஒப்பிடுதல் ஏமாற்றம் தரும். ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். சிற்றூர்ப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 34,000 டாலர் தருகிறது; அங்கு அறை வாடகை மாதம் 800 டாலர். கடற்கரைப் பெருநகர்ப் பல்கலைக்கழகம் 40,000 டாலர் தருகிறது. வாடகை 2,000 டாலர். வாடகை போக முன்னதில் 24,400 டாலர் எஞ்சும். பின்னதில் எஞ்சுவது 16,000 டாலரே. தொகை 9 மாதத்திற்கா 12 மாதத்திற்கா, கோடை விடுமுறையில் ஆதரவு உண்டா, மாணவர் செலுத்த வேண்டிய பிற கட்டணங்கள் எவை, 5 ஆண்டும் உறுதியா அன்றி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுமா என்பனவற்றை எழுத்தில் பெறுதல் வேண்டும். பேச்சில் தரப்பட்ட உறுதி மறக்கப்படலாம்.

ஆதரவற்ற முதுகலை இடத்திற்காக வீட்டையோ நிலத்தையோ ஈடுவைக்க எண்ணும் குடும்பங்கள் இன்னும் ஆழ்ந்து ஆராய வேண்டும். ஓராண்டு பொறுத்து மீண்டும் விண்ணப்பித்தல், ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகைக்கு முயலுதல், இங்கேயே இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்று ஆய்வைத் தொடங்குதல் ஆகிய வழிகளும் உள்ளன. காத்திருத்தல் தோல்வியன்று, கடன் சுமந்து பாதியில் திரும்புதலே துன்பம்.

7. விட்டுக்கொடுத்தலும் ஒரு கடமை

நான்கு அழைப்புகளைப் பெற்ற மாணவர் நான்கையும் ஏப்ரல் 15 வரை கையிற் பற்றியிருக்க விதி இடந்தரும். எனினும் அவர் செல்லப்போவது ஓரிடத்திற்கே. மற்ற மூன்றின் பின்னும் மூவர் காத்திருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் நம் ஊரினராகவும் இருக்கலாம். இறுதி நாளில் விடப்படும் இடம் சில வேளைகளில் எவருக்கும் பயன்படாமலே போகின்றது. காத்திருந்தவர் அதற்குள் மனம் சோர்ந்து வேறிடம் இசைந்திருப்பார்.

ஆதலின் புதிய அழைப்பு வரும்போதெல்லாம் இரண்டினை ஒப்பிட்டுத் தாழ்ந்ததை அன்றே விடுதல் நல்லொழுக்கம். மறுப்புக் கடிதம் நான்கு வரியில் அமையலாம்: நன்றி, முடிவு, சுருக்கமான காரணம், வாழ்த்து. இன்று மறுக்கப்படும் பேராசிரியர் நாளை நம் நூலுக்கு மதிப்புரையாளராகவோ நேர்காணல் குழுவில் உறுப்பினராகவோ வரக்கூடும். ஓரிடத்தில் உறுதியாக இசைந்து, ஏப்ரல் 15-க்குப் பின்னர் சொல் மாறுதலோ, பின்வரும் நம் கல்லூரி மாணவரின் பெயருக்கும் ஊறு செய்யும்.

8. அண்மை நிலை

அழைப்பு வந்த பின்னரும் விழிப்பு வேண்டும் என்பதை 2025-ஆம் ஆண்டு உணர்த்தியது. அமெரிக்க அரசின் ஆய்வு நிதி குறித்த ஐயப்பாட்டால், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவப் பள்ளி அவ்வாண்டு முனைவர் படிப்புக்கு விடுத்த அழைப்புகளைத் திரும்பப் பெற்றது. ஆகஸ்டில் சிகாகோ பல்கலைக்கழகம் கலைப்புலத்தின் பல துறைகளில் 2026-27-ஆம் கல்வியாண்டு முனைவர் சேர்க்கையை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. அவ்வாண்டு மே இறுதியில் மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிய நாள் தருதல் நிறுத்தப்பட்டு, ஜூனில் மீண்டும் தொடங்கிற்று. எனவே விண்ணப்பிக்குமுன் துறை அவ்வாண்டு மாணவரைச் சேர்க்கின்றதா என்று நேரில் எழுதிக் கேட்டல், இசைந்தவுடன் ஐ-20 படிவத்தைப் பெற்று விசாவிற்கு விரைதல், இந்நாட்டு வாய்ப்பொன்றையும் கைவிடாதிருத்தல் ஆகியன இன்றியமையாதன. சென்னையிலுள்ள அமெரிக்க இந்தியக் கல்வி நிறுவனத்தில் வழிகாட்டுதல் பெறலாம். இடைத்தரகர்க்குப் பெருந்தொகை அளித்தல் தேவையற்றது.

முடிவுரை

அமெரிக்க ஆய்வுச் சேர்க்கை மதிப்பெண்ணால் மட்டும் அளக்கப்படுவதன்று. தெளிந்த வினா, உண்மையான கடிதம், பொறுமையான காத்திருப்பு, கணக்கிட்ட தெரிவு, காலத்தே விட்டுக்கொடுக்கும் பண்பு ஆகியன ஒருங்கே அமைந்தவர்க்கு அது எட்டாக் கனியன்று. தமிழ்த்துறை மாணவர் இத்துறையில் அஞ்சி ஒதுங்க வேண்டுவதில்லை. நம் ஏடுகளிலும் மரபுகளிலும் ஆராயப்படாத செய்திகள் குவிந்துள்ளன. அவற்றைக் குறித்த நல்ல வினாவொன்றை இவ்வாண்டே எழுதத் தொடங்கும் மாணவர், விண்ணப்பத்தின் பெரும்பகுதியை எழுதி முடித்தவராவார்.