ஷெஹ்னாயும் அடுப்பங்கரையும்



வீட்டுப் பிள்ளை ஒருவன், "வாப்பா, நான் இசையையே தொழிலாகக் கொள்ளப் போகிறேன்" என்று சொன்னால், "அரிசிக்கு என்ன வழி?" என்ற கேள்வி உடனே எழும். நம் இல்லங்களில் அதற்கும் முன்னதாக வேறொரு கேள்வி எழுவதுண்டு. இசை கூடுமா, கூடாதா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகவே கருத்து வேறுபாடு இருந்து வருகிறது. அதைத் தீர்த்து வைக்கும் தகுதி இந்த எளியவனுக்கு இல்லை; இக்கட்டுரையின் நோக்கமும் அதுவன்று. இங்கு நான் பேச எடுத்துக்கொண்டது ஜீவனத்தைப் பற்றி மட்டுமே.

அதற்கு உஸ்தாத் பிஸ்மில்லாஹ் கான் அவர்களின் வாழ்வைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1916ஆம் ஆண்டு பீகாரிலுள்ள தும்ராவ் என்னும் ஊரில் பிறந்தவர். தந்தையார் அவ்வூர் அரண்மனையில் ஷெஹ்னாய் வாசித்தவர். சிறுவயதிலேயே பனாரஸுக்கு வந்து, விசுவநாதர் கோயிலில் வாசித்து வந்த தம் மாமா அலீ பக்ஷிடம் பயின்றார். அக்காலத்தில் கலைஞனுக்குச் சோறு போட்டவை அரண்மனையும் கோயிலும் கல்யாண வீடுகளுமே. அரண்மனைகளின் காலம் முடியும் தறுவாயில் வானொலி வந்தது. 1938இல் லக்னோ வானொலியில் வாசிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. வாசற்படியில் அமர்ந்து வாசிக்கும் மங்கல வாத்தியம் என்று கருதப்பட்ட ஷெஹ்னாயைக் கச்சேரி மேடையின் நடுவில் கொண்டுபோய் வைத்தவர் அவர். 1947இல் நாடு விடுதலை பெற்றபோது டில்லி செங்கோட்டையில் ஒலித்ததும் அவருடைய ஷெஹ்னாயே.

பட்டங்களுக்குக் குறைவில்லை. 1961இல் பத்மஸ்ரீ, 1968இல் பத்மபூஷண், 1980இல் பத்மவிபூஷண், 2001இல் பாரத ரத்னா. ஆனால், பாரத ரத்னா விருதுடன் பணமுடிப்பு எதுவும் வழங்கப்படுவதில்லை என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கச்சேரிக்குப் பேசிய தொகையைக் கேட்போர் "இவ்வளவா!" என்று மூக்கின் மேல் விரல் வைப்பார்கள். அத்தொகை முழுவதும் ஒருவர் பைக்குப் போவதன்று. உடன் வாசிப்போர், சுருதி பிடிப்போர், தாளக் கருவி இசைப்போர் என ஒரு குழுவே அதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பயணச் செலவும் அதிலிருந்தே. போதாதென்று, இத்தொழிலுக்குப் பருவமும் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணங்கள் இல்லாதபோது நம் ஊர் நாகசுரக்காரர் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்று அடுத்த முறை அவரைக் காணும்போது விசாரித்துப் பாருங்கள். மாதச் சம்பளமில்லை, ஓய்வூதியமில்லை; கை நடுங்கத் தொடங்கினால் வருமானமும் நின்றுவிடும்.

கான் சாஹிப் பணம் வரும் வழியை அறியாதவரல்லர். 1959இல் 'கூஞ்ச் உட்டீ ஷெஹ்னாய்' என்னும் இந்திப் படத்துக்கும், 1977இல் 'சனாதி அப்பண்ணா' என்னும் கன்னடப் படத்துக்கும் வாசித்தார். திரையுலகின் பகட்டு தமக்கு ஒத்துவரவில்லை என்று அதற்கு மேல் நெருங்கவில்லை. பேனியா பாக் பகுதியின் பழைய வீட்டிலேயே வாழ்ந்தார். சைக்கிள் ரிக்ஷாவிலேயே சென்று வந்தார். வந்த பணமெல்லாம் பெருங்குடும்பத்தின் உணவிலும் கேட்டவர்க்குக் கொடுப்பதிலும் கரைந்தது. முதுமையில் அரசின் உதவியை நாட வேண்டிய நிலை ஏற்பட்டபோது நாடே திகைத்தது. டில்லியின் இந்தியா கேட்டில் வாசிக்க வேண்டும் என்ற கடைசி ஆசையும் நிறைவேறாமலே, 2006 ஆகஸ்ட் 21 அன்று வஃபாத்தானார். ஷெஹ்னாயுடன் அடக்கம் செய்தார்கள்; 21 குண்டுகள் முழங்கின.

இதற்குப் பின் நடந்ததைச் சொல்லவே மனம் கூசுகிறது. அவருக்குப் பரிசாக வந்த வெள்ளி ஷெஹ்னாய்கள் 2016இன் இறுதியில் களவு போயின. மறு மாதமே குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரே கைதானார். நகைக்கடைக்காரரிடம் 17,000 ரூபாய்க்கு விற்கப்பட்டு, அவை உருக்கப்பட்டதாகக் காவல்துறை தெரிவித்தது.

இதைக் கேட்டதும் "பார்த்தாயா, இசை சோறு போடாது" என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். அவருக்கு இசை சோறு போட்டது; ஒரு பெரிய வீட்டுக்கே பல பத்தாண்டுகள் போட்டது. இல்லாமற்போனது சேமிப்பு. இன்னொன்றையும் கூற வேண்டும். அவர் காலத்தில், பதிவான இசை எத்தனை முறை ஒலித்தாலும் வாசித்தவருக்கு அதில் பங்கு கிடைக்கச் சட்டம் வழி செய்திருக்கவில்லை. 2012இல் செய்யப்பட்ட பதிப்புரிமைத் திருத்தச் சட்டமே பாடுவோருக்கும் வாசிப்போருக்கும் அவ்வுரிமையை எழுத்தில் அளித்தது. இசைத் தொழிலில் இறங்கும் பிள்ளை, ராகங்களோடு இச்சட்டத்தையும், ஒப்பந்தத் தாளில் கையெழுத்திடுமுன் படித்துப் பார்க்கும் பழக்கத்தையும் கற்றுக்கொள்வது அவசியம். ஆறு மாதச் செலவுக்கான தொகை கையில் சேரும்வரை வேறொரு வேலையை விடக்கூடாது என்பது என் கருத்து. கலைக்குத் துரோகம் என்று சிலர் இதைப் பழிப்பார்கள். அவர்கள் வீட்டு வாடகையை யார் கட்டுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்!

கற்பித்தலும் ஒரு வழியே. ஆந்திரத்தின் கரவதி என்னும் ஊரில் பிறந்து, தஞ்சைப் பாணியின் மேல் கொண்ட காதலால் ஸ்ரீரங்கத்தில் குடியேறிய நாகசுர மேதை ஷேக் சின்ன மௌலானா, கச்சேரியோடு நின்றுவிடாமல் அங்கே ஒரு நாகசுரப் பள்ளியையும் நிறுவினார். 1999இல் அவர் மறைந்த பின்னும், பேரர்கள் காசிமும் பாபுவும் அதே வாத்தியத்தை வாசித்து வந்தார்கள். அவரிடம் பயின்ற ஷேக் மஹபூப் சுபானி, காலிஷாபி தம்பதியருக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கணவனும் மனைவியும் ஒரே மேடையில் அமர்ந்து வாசிப்பவர்கள்.