பூட்டிய பீரோ வேண்டாம், கைக்கு எட்டும் புத்தகம் வேண்டும்
தொடக்கப் பள்ளி வகுப்பறைக்குக் கதைப் புத்தகங்களும் படக்கதைகளும் தேர்ந்தெடுப்பது எப்படி?

தொடக்கப் பள்ளிக்குப் புத்தகம் வாங்கக் கொஞ்சம் பணம் கிடைத்தால் பல இடங்களில் நடப்பது இதுதான்: தலைவர்கள் வரலாறு, நீதிக்கதைகள், பொது அறிவு என்று ஒரு கட்டு வந்து சேரும். எண் ஒட்டி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையால் அதில் எதையும் படிக்க முடியாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எடுத்துப் பார்க்கவே தோன்றாது. ஒவ்வொரு வாசகருக்கும் ஏற்ற நூல், ஒவ்வொரு நூலுக்கும் ஏற்ற வாசகர் என்று நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் விதி வகுத்த நூல் 1931இல் வெளிவந்தது நம் சென்னையில்தான். அந்த விதி வகுப்பறை அலமாரிக்கும் பொருந்தும்.

வகுப்பைப் பார்ப்பதா, வாசிப்பைப் பார்ப்பதா?

மூன்றாம் வகுப்பில் சரளமாகப் படிக்கும் குழந்தையும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தையும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இதை உணர்ந்துதான், 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. தமிழக அரசின் ‘வாசிப்பு இயக்க’ நூல்களும் நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளில் வருகின்றன. பிரதம் புக்ஸின் ‘ஸ்டோரிவீவர்’ தளத்திலும் நான்கு நிலைகள் உண்டு. அங்குள்ள தமிழ்க் கதைகளை இலவசமாகத் தரவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். ஆகவே, நாற்பது புத்தகம் வாங்குவதாக இருந்தால் வகுப்புக்கு இத்தனை என்று பங்கு போடாமல், எல்லாப் படிகளுக்கும் புத்தகம் இருக்கிறதா என்று பாருங்கள்.

படிக்கத் தொடங்குபவர்களுக்கு

பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, பெரிய எழுத்து, திரும்பத் திரும்ப வரும் சொற்கள். இவை மூன்றும் முக்கியம். வரி முடிவில் ஒரு சொல் உடைந்து மறுபாதி அடுத்த வரிக்குப் போனால், எழுத்துக்கூட்டும் குழந்தை அங்கேயே நின்றுவிடும். ‘போய்க்கொண்டிருந்தான்’ போன்ற நீளச் சொற்கள் பக்கம்தோறும் வந்தாலும் அதே கதிதான்.

சென்னை தூலிகா பதிப்பகத்தின் ‘கஜபதி குலபதி’யை எடுத்துக்கொள்வோம். அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்தது. யானைக்குச் சளி பிடிக்கிறது, ஊரே கூடி வைத்தியம் பார்க்கிறது, கடைசியில் வருகிறது ஒரு மாபெரும் தும்மல். ஆசிரியர் முதல் முறை வாசித்துக் காட்டினால், இரண்டாம் முறை தும்மலை வகுப்பே சேர்ந்து போடும். அதே பதிப்பகத்துக்காகச் சந்தியா ராவ் எழுதிய அம்மாவின் சேலை பற்றிய படப்புத்தகத்தில் சொற்கள் மிகக் குறைவு. நிஜச் சேலைகளின் ஒளிப்படங்கள் மேல் குழந்தைகளை வரைந்திருக்கிறார் நீனா சப்னானி. எழுத்து தெரியாத குழந்தையும் அந்தப் படங்களைப் பார்த்துத் தன் வீட்டுக் கதையைச் சொல்லத் தொடங்கும். அழ.வள்ளியப்பாவின் பாடல்களையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். பாடிப் பழகிய வரியை அச்சில் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்குப் பெரிய வெற்றி.

ஓடத் தொடங்கியவர்களுக்கு

மகாஸ்வேதா தேவி எழுதிய, எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கும் பழங்குடிச் சிறுமி மொய்னாவின் கதையும், சௌம்யா ராஜேந்திரன் எழுதிய சிறுவன் அம்பேத்கரின் கதையும் மூன்று, நான்காம் வகுப்பில் நல்ல பேச்சைக் கிளப்பும். ஐந்தாம் வகுப்புக்கு ‘டோட்டோ சான்’ நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகத் தமிழில் கிடைக்கிறது. பாலியல் சீண்டலிலிருந்து தற்காத்துக்கொள்வதைப் பேசும் யெஸ்.பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. அதைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்காமல், ஆசிரியர் கூடவே உட்கார்ந்து வாசிக்க வேண்டும்.

படக்கதை படிப்பாகுமா?

ஆகும். காமிக்ஸைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்து அடிவாங்கிய தலைமுறை ஒன்று நம்மிடம் உண்டு. ஆனால், அந்தத் தலைமுறையில் பலரை வாசகராக்கியவை சிவகாசியின் முத்து, லயன் காமிக்ஸ்களும் வாண்டுமாமாவின் சித்திரக்கதைகளும்தான். அமெரிக்காவில் சிறார் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் 2020இல் ஜெர்ரி கிராஃப்டின் ‘நியூ கிட்’ என்ற கிராஃபிக் நாவலுக்குக் கிடைத்தது. அந்தப் பதக்கத்தை ஒரு கிராஃபிக் நாவல் வென்றது அதுவே முதல் முறை.

படக்கதையில் குழந்தை செய்யும் வேலை சின்னதல்ல. காமிக்ஸ் நாயகன் லக்கி லூக் தன் நிழலை விட வேகமாகச் சுடுபவன். படத்தில் அவன் சுட்டு முடித்திருப்பான், சுவரில் நிழல் இன்னும் துப்பாக்கியை உருவிக்கொண்டிருக்கும். அந்தச் சிரிப்பு எழுத்தில் இல்லை. கண்ணால் தேடி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த குழந்தைக்குத்தான் அது கிடைக்கும். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் நடந்ததையும் குழந்தையேதான் ஊகிக்க வேண்டும். பாடநூலில் பத்தியைப் படித்துக் கேள்விக்கு விடை தேடும்போது நாம் எதிர்பார்ப்பதும் இந்தத் திறமையைத்தான்.

வாங்கும் முன்

• ஆசிரியர் முதலில் முழுதும் படித்துவிட வேண்டும். காமிக்ஸ் எல்லாமே குழந்தைகளுக்கானவை அல்ல. லக்கி லூக்கின் வாயிலேயே முன்பு சிகரெட் இருந்தது. 1983இல்தான் அது புல்லாக மாறியது.

• நிறம், சாதி, உடல், பெண்பிள்ளை பற்றிய கேலி படத்திலும் ஒளிந்திருக்கும். படங்களையும் படியுங்கள்.

• கிராமம், நகரம், கடற்கரை, மலை, மாற்றுத்திறன் என எல்லா வீட்டுப் பிள்ளைகளும் எங்காவது ஒரு பக்கத்தில் தங்களைக் காண வேண்டும்.

• பணம் இருந்தால் நல்ல புத்தகத்தில் இரண்டு மூன்று பிரதி வாங்குங்கள். சேர்ந்து படித்தால்தான் பேச்சு வளரும்.

வாங்கிய பின்

வகுப்பறையில் ஒரு கயிறு கட்டி அட்டை தெரியும்படி தொங்கவிட்டாலே போதும். குழந்தைகள் தாமே வந்து எடுப்பார்கள். தினமும் பதினைந்து நிமிடம் வாசிப்புக்கென்றே ஒதுக்குங்கள். முடித்ததும் ‘நீதி என்ன?’ என்று கேட்க வேண்டாம். ‘உனக்கு எந்தப் பக்கம் பிடித்தது?’ என்று கேளுங்கள். பக்கம் கிழியும், அட்டை அழுக்காகும். புத்தகம் கிழிந்ததற்காக ஆசிரியரிடம் விளக்கம் கேட்பதைக் கல்வி அலுவலர்கள் நிறுத்த வேண்டும். ஆண்டு முடிவில் கிழியாமல் புத்தம் புதிதாக இருக்கும் புத்தகம் எது, ஏன் என்றுதான் அவர்கள் கேட்க வேண்டும்.